மட்கார்டு ஓரத்தில் பத்து மில்லிமீட்டர்

தொம்மலூர் மேம்பாலத்தை ஒட்டிய சிக்னலில் மாலை ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டவர்கள் ஹாரன் அடிப்பார்கள், இல்லாவிட்டால் போனை நோண்டுவார்கள். வீல் பைத்தியம் பிடித்தவனுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. இந்திராநகர் நூறடிச் சாலையிலிருந்து உள்வட்டச் சாலை பிடித்துக் கோரமங்களா போகிறவை, பழைய விமான நிலையச் சாலையில் மாரத்தஹள்ளிப் பக்கம் ஊர்கிறவை, கால்ஃப் லிங்க்ஸ் அலுவலக வளாகத்திலிருந்து கொட்டுகிறவை என்று எல்லா வண்டிகளும் அங்கே நெருக்கியடித்து நிற்கும். போலோ, ஆக்டேவியா, பழைய சிவிக், ஸ்விஃப்ட். பின்னால் நின்றபடி மட்கார்டு விளிம்பிலிருந்து டயர்வரை கண்ணைக் கீழே ஓட்டினால் போதும். வண்டிக்காரருக்கு எவ்வளவு ரசனை, எவ்வளவு பொறுமை என்பது தெரிந்துவிடும். சில சமயம் எவ்வளவு அசட்டுத் துணிச்சல் என்பதும் தெரியும்.

கம்பெனியிலிருந்து வரும் காரில் வீல் எப்போதும் மட்கார்டுக்குள் ஓரிரு விரல்கடை ஒதுங்கியே இருக்கும். தயாரிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பாவுக்காக வரைந்த உடம்பில் பனிக்காலத்துக்கு டயரைச் சுற்றிச் சங்கிலி கட்ட இடம் விட வேண்டும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி ஸ்பிரிங் அடிவரை அமுங்கினாலும் ரப்பர் தகரத்தில் படக் கூடாது. ஒரே மாடலுக்கு மூன்று நான்கு அளவு டயர்கள் பொருந்த வேண்டும். நம்மூர்ச் சாலைக்காக வண்டியை இன்னும் கொஞ்சம் தூக்கி அனுப்பும்போது டயருக்கு மேலே இருக்கும் கருப்பு இடைவெளி மேலும் பெரிதாகிவிடும். கடையில் தொங்கிய சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டவனுக்குத் தோள்தையல் எங்கோ கிடப்பதுபோல வீலும் எங்கோ கிடக்கும். அந்தத் தையலைத் தோள்முனையில் கொண்டுவந்து உட்காரவைக்கும் கலைக்குத்தான் ஃபிட்மென்ட் என்று பெயர்.

டயர் மட்கார்டுக்குள் மறைந்தால் டக் என்பார்கள். விளிம்போடு விளிம்பாக நின்றால் ஃப்ளஷ். வெளியே நீட்டிக்கொண்டால் போக். டக்கிலிருந்து ஃப்ளஷுக்கு வருவதற்கும் ஃப்ளஷிலிருந்து போக்குக்குத் தாண்டுவதற்கும் நடுவில் பல கார்களில் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர்தான் இருக்கிறது. அந்தப் பத்துப் பதினைந்தைக் கொடுப்பதற்காக ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் அலுமினியத் தட்டுதான் ஸ்பேசர்.

ஆசை என்னவோ பழையது. 1976-இல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ அகலமான வீலை மூடுவதற்கு மட்கார்டைச் சுற்றிக் கருப்புப் பிளாஸ்டிக் வளைவுகளோடு வந்தது. 1980-இல் ஆடி குவாட்ரோ தகரத்தையே புடைக்கவைத்தது. 1986-இல் பிஎம்டபிள்யூ எம்3 மட்கார்டுகளைப் பக்கவாட்டில் விரித்துக் காட்டியது. மூன்றிலும் வீலுக்காக உடம்பை இழுத்தது கம்பெனியே. அந்த வசதி இல்லாத ரசிகர் உடம்பை விட்டுவிட்டு வீலை வெளியே தள்ளக் கற்றுக்கொண்டார். 1982-இல் ஆஸ்திரியாவின் வோர்தர்ஸே ஏரிக்கரையில் ஜிடிஐ கூட்டங்கள் தொடங்கின. ஜப்பானில் தாழ்த்திய வண்டிகளின் கூட்டம் தனியாக வளர்ந்தது. மாருதி 800-இன் 12 அங்குல வீலில் தொடங்கிய நம் தலைமுறைக்கு இதெல்லாம் முதலில் பத்திரிகைப் படமாகத்தான் வந்தது. பிறகு அலாய் வீல் ஜே.சி. ரோட்டுக்கு வந்தது. சென்னைக்கு ஜி.பி. ரோடு எப்படியோ பெங்களூருக்கு அப்படி, டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் பக்கம் போகும் அந்தச் சாலை. இன்று அங்கே ஸ்பேசர் கேட்டால் யாரும் முழிப்பதில்லை. எது நல்லது என்று கேட்டால்தான் பேச்சு இழுக்கும்.

தொம்மலூரில் அந்தப் பேச்சு தமிழிலும் நடக்கும். சோழர் காலத்துச் சொக்கநாத சுவாமி கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கும் ஊர் இது. இங்கே பட்டறை மொழி தமிழும் கன்னடமும் உருதும் இந்தியும் சேர்ந்த கலவை. நாலு மொழியிலும் நட்டு நட்டுதான்.

"அண்ணா, இருபது போட்டா நல்லா வெளிய வரும்ல?"

"வரும் தம்பி. நாலு பேர ஏத்திக்கிட்டு ஓசூர் தாண்டிப் பாரு, மட்கார்டு டயரச் சீவிடும். மொதல்ல கணக்குப் போடு, அப்பறம் தட்டு வாங்கு."

இதுதான் இந்தக் கலையின் முதல் பாடம். அந்தக் கணக்கு ஆஃப்செட்டில் தொடங்குகிறது. வீலின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் போய் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுவே ஆஃப்செட். பெரும்பாலான அலாய்களில் உள்பக்கம் ஈ.டி. 40, ஈ.டி. 45 என்று பொறித்திருக்கும். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். ஈ.டி. 45 வீலுக்குப் பின்னால் 10 மி.மீ. தட்டு வைத்தால் அது ஈ.டி. 35 வீல் நிற்கும் இடத்தில் நிற்கும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். கம்பெனி வீல் 6 அங்குல அகலம், ஆஃப்செட் 40 என்று வைத்துக்கொள்வோம். வாங்க நினைப்பது 7 அங்குலம், ஆஃப்செட் 38. ஆறு அங்குலத்தில் பாதி 76 மி.மீ., ஏழில் பாதி 89. பழைய வீலின் வெளிவிளிம்பு ஹப் முகத்திலிருந்து 76-இல் 40 போக 36 மி.மீ. வெளியே இருந்தது. புதியது 89-இல் 38 போக 51. ஆக, தட்டு எதுவும் இல்லாமலே 15 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் பழையது 116, புதியது 127. அங்கே 11 மி.மீ. ஷாக் அப்சார்பர் பக்கம் போய்விட்டது. இப்போது 8 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் வெளிப்பக்கம் மொத்தம் 23, உள்பக்கம் 3 மட்டும். உள்ளே உரசிக்கொண்டிருந்த டயருக்கு அந்த எட்டு உயிர் கொடுக்கிறது. மட்கார்டு பக்கம் இடமில்லாத வண்டிக்கு அதே எட்டு எமனாகிறது. தாளில் இரண்டு நிமிட வேலை. இதைப் போடாமல் இருபது வேண்டும் என்று நிற்பவரிடம் ஆசை இருக்கிறது, அவ்வளவுதான்.

தாளில் போட்டதை வண்டியில் சரிபார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மட்கார்டு விளிம்பில் நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் தோளுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளக்க வேண்டும். முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறு. இடது வலதுகூடப் பல வண்டிகளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிசகும். உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவில் ஒரு களிமண் உருண்டையை ஒட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கோடிவரை திருப்பிப் பார்த்தால் உருண்டை எவ்வளவு நசுங்கியது என்பதே மீதமுள்ள இடத்தைச் சொல்லிவிடும். 5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் நிம்மதியாகத் தூங்க முடியாது. காலி வண்டியில் எடுத்த அளவை நம்பவும் முடியாது. பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஒரு பக்க வீலை நடைபாதை மேட்டில் ஏற்றி நிறுத்தி, அப்போதும் மட்கார்டுக்குள் இடம் இருக்கிறதா என்று பார்ப்பவரே பெங்களூர் ஹம்ப்புகளையும் அடித்தள பார்க்கிங் சரிவுகளையும் மதிக்கத் தெரிந்தவர்.

இனி தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நல்ல ஸ்பேசர் பார்வைக்குச் சாதுவானது. விமானத் தரம் என்று விளம்பரங்கள் சொல்லும் 6061 போன்ற அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. இரண்டு முகங்களும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இணையாக இருக்கும். துளைகள் அந்த வண்டிக்கு மட்டுமே பொருந்தும் வட்டத்தில் இருக்கும். நடுத்துளை ஹப்பின் கழுத்தில் விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், போனபின் ஆடாது. அந்தப் பொருத்தத்துக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கணக்கு உண்டு. ஸ்விஃப்டுக்கு 54.1, இங்கே 2010 முதல் 2022 வரை விற்ற போலோவுக்கு 57.1, எட்டாம் தலைமுறை சிவிக்குக்கு 64.1. பழைய விமான நிலையச் சாலையில் 1940 முதல் விமானம் செய்துகொண்டிருக்கும் எச்.ஏ.எல். இருக்கிற ஊருக்கு, பீன்யா பட்டறைகள் இருக்கிற ஊருக்கு, அலுமினியத்தை இந்தத் துல்லியத்தில் கடைவது புதிதல்ல. ஆனால் என்ன உலோகம், என்ன அளவு, எவ்வளவு பிசகு பொறுக்கலாம் என்று வரைபடம் கொடுத்துக் கடைவது வேறு, வீலைக் காட்டி "இதுமாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்பது வேறு.

மெல்லிய தட்டுகளிடம் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. ஹப்பின் நடுவில் எழுந்து நிற்கும் கழுத்துதான் வீலை மையத்தில் பிடிக்கிறது. 3 மி.மீ. தட்டு வைத்தால் அந்தக் கழுத்தில் 3 மி.மீ. போய்விடும், மிச்சம் வீலைப் பிடித்துக்கொள்ளும். 5 வைத்தால் பல கார்களில் மிச்சம் சொற்பம். வீல் ஏறும்போது பிடித்ததுபோல இருக்கும், பிடித்திருக்காது. பிறகு எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் செய்தவரைத் திட்டிக்கொண்டே மூன்று கடை ஏறி இறங்குவார்கள். பத்துக்கு மேல் தடிமன் வந்தால் தட்டிலேயே வெளிப்பக்கம் புதிதாக ஒரு கழுத்துக் கடைய இடம் கிடைக்கும். உள்ளே காரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வெளியே வீலுக்குத் தன் கழுத்தைக் கொடுக்கும். ஆகவே ஐந்தைவிடப் பத்து ஆபத்தானது என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. சரியாகக் கடைந்த பத்து, ஏனோதானோ ஐந்தைவிட எவ்வளவோ மேல்.

வீலைத் தாங்குவது போல்ட்டுகள் என்று பலரும் நினைக்கிறார்கள். போல்ட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது. தாங்குவது உராய்வு. போலோவின் 14 மி.மீ. போல்ட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கும்போது அது ஸ்பிரிங்காக நீண்டு, தோராயமாக நான்கு டன் விசையில் வீலை ஹப்போடு அழுத்துகிறது. ஐந்துக்கும் சேர்த்து இருபது டன்னுக்கு மேல். அந்த அழுத்தத்தில் இரண்டு உலோக முகங்கள் ஒன்றையொன்று வழுக்கவிடாமல் கவ்விக்கொள்கின்றன. பிரேக் பிடித்தாலும் குழியில் இறங்கினாலும் சுமை அந்த முகங்களின் வழியாகத்தான் போகிறது. ஸ்பேசர் வைத்தால் ஒரு கவ்வல் இருந்த இடத்தில் இரண்டு. அந்த இரண்டு இடத்தில் எங்கேயாவது துரு, பெயின்ட், மண் துகள், பிளாஸ்டிக் ஸ்டிக்கர் இருந்தால், ஓடும் வண்டியில் அது நசுங்கித் தேயும். தேய்ந்த அளவுக்கு போல்ட்டின் இழுப்பு குறையும். இழுப்புக் குறைந்தால் வீல் வழுக்கப் பார்க்கும். அதுவரை இழுபட்டு மட்டும் நின்ற போல்ட் அப்போது வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, களைத்து உடையும். வீல் கழன்ற கதைகளைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போய் முடியும்.

ஆகவே போல்ட்டின் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. தட்டு எத்தனை மில்லிமீட்டரோ, போல்ட்டும் அத்தனை மில்லிமீட்டர் நீள வேண்டும். 27 மி.மீ. போல்ட் இருந்த இடத்தில் 10 மி.மீ. தட்டு வந்தால் 37. குறைந்தால் திருகுமறையில் பிடிப்பு போதாது. போல்ட்டின் விட்டம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு நீளமாவது உள்ளே ஏற வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 14 மி.மீ. போல்ட்டுக்கு ஒன்பது சுற்றுக்கு மேல், 12 மி.மீ. விட்டமும் ஒன்றரை மி.மீ. மறையும் உள்ள ஹோண்டா, ஹூண்டாய் ஸ்டட்டுக்கு எட்டுச் சுற்று, மறை 1.25 ஆக இருக்கும் மாருதிக்கு ஒன்பதரை. கையால் நட்டை ஏற்றும்போது எண்ணிக்கொண்டே வரலாம். நீளம் கூடினாலும் வம்புதான். பின்பக்கம் டிரம்முக்குள் போய் ஹேண்ட்பிரேக் பாகங்களைத் தட்டும்.

இந்த இடத்தில் ஜெர்மன் கார் வைத்திருப்பவருக்கு ஒரு சலுகை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடிகளில் ஹப்பில் வெறும் துளைதான், போல்ட் தனி. நீளமான போல்ட் வாங்கினால் தீர்ந்தது. மாருதி, ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டாவில் ஸ்டட் ஹப்பிலேயே அடித்து இறக்கியிருக்கும். அதைப் பிரஸ்ஸில் தள்ளி வெளியே எடுத்து, நீளமானதை இறக்க வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சி, பழைய ஸ்டட்டிலேயே நாலு சுற்றில் நட்டைப் பிடிக்கவைத்து ஓட்டுகிறார்கள். இருபது மி.மீ.க்கு மேல் போனால் வேறு வகை உண்டு: தட்டையே தனி நட்டுகளால் ஹப்பில் முறுக்கிவிட்டு, தட்டில் பதித்திருக்கும் புதிய ஸ்டட்டுகளில் வீலை மாட்டுவது. வலுவான ஏற்பாடுதான். ஒரே குறை, உள்ளே இருக்கும் அந்த நட்டுகள் வீலுக்குப் பின்னால் மறைந்துபோகும். அவை தளர்ந்தால் வெளியே தெரியாது. வீலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், பார்ப்பவர் குறைவு.

வேலை தெரிந்தவர் ஸ்பேசர் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது தனிச் சுகம். ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, வீலைக் கழற்றுகிறார். தட்டை இன்னும் தொடவில்லை. ஹப் முகத்தில் மழைக்காலத்துத் துரு வட்டமாகப் படிந்திருக்கிறது. வயர் பிரஷ் போடுகிறார், பிறகு எமரி தாள், பிறகு பிரேக் கிளீனர் நனைத்த துணி. விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறார். கழுத்தின் அடியில் மிச்சமிருக்கும் துருதான் எதிரி. தட்டு அங்கே ஏறி நின்றால் முகம் ஒட்டாது. தட்டை வைக்கிறார், ஒரு தடவை சுழற்றிப் பார்க்கிறார். எந்தப் பக்கம் அழுத்தினாலும் ஆடவில்லை என்றால் உட்கார்ந்துவிட்டது. இரும்பும் அலுமினியமும் நாள்பட ஒட்டிக்கொள்ளும் என்பதால் கழுத்தில் மட்டும் காப்பர் பேஸ்ட்டை விரலால் தொட்டு வைக்கிறார். முகத்திலோ மறையிலோ படவிட மாட்டார். மறையில் வழவழப்பு ஏறினால் அதே முறுக்குக்கு போல்ட் அதிகமாக நீளும். பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் கையால் ஏற்றுகிறார். ஐந்து துளை என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக, நான்கு என்றால் எதிரும் புதிருமாக. வண்டியைக் கீழே இறக்கியபின் டார்க் ரெஞ்ச். அது டக்கென்று சொல்லும் இடத்தில் நிறுத்துகிறார், இன்னொரு அழுத்து அழுத்துவதில்லை. ஏர் கன் சுவரில் தொங்கியபடியே இருக்கிறது. "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா தம்பி, இன்னொரு வாட்டி பாத்துருவோம்" என்கிறார். அந்த இன்னொரு வாட்டிக்குக் காசு கேட்பதில்லை.

இந்த வரிசையைப் பார்த்த கண்ணுக்கு மற்ற பட்டறைகளின் பாவங்கள் சட்டென்று தெரியும். ஸ்பேசருக்குப் பதிலாக ஸ்டட்டில் வாஷர் அடுக்குவது. இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது. எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும், ஓவல் துளைகள் நிறைந்த வார்ப்புத் தட்டு. அதில் ஒட்டிக்கொள்ள உலோகமே மிச்சமிருக்காது, நடுவில் பிடிப்பும் கிடையாது. 112 மி.மீ. வட்டத்தில் துளையிட்ட ஹப்பில் 114.3 வீலைச் சமாளித்து மாட்டுவது. ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தானே என்பார்கள். அந்த ஒரு மில்லிமீட்டரில் நட்டு கூம்பில் உட்காராமல் விளிம்பில் நிற்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஹோண்டா கம்பெனி வீல்களுக்கான உருண்டைத் தலை போல்ட்டையும் நட்டையும் 60 பாகைக் கூம்பு உள்ள வெளிச்சந்தை அலாயில் போடுவதும் இதே வகை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஜோராக இருக்கும்.

ஸ்பேசர் போட்டால் வண்டி சாலையைக் கவ்வும் என்கிற பேச்சையும் அளந்து பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் பத்துப் பத்து வைத்தால் வீல்களுக்கு இடைப்பட்ட அகலம் 20 மி.மீ. கூடும். சுமார் 1460 மி.மீ. அகலம் உள்ள ஹேட்ச்பேக்கில் அது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. வளைவில் வண்டி சாய்வது அந்த அளவுக்குக் குறையும், அவ்வளவே. பதிலுக்கு ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், பேரிங் மீது விழும் நெம்பு கூடும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இன்னொரு நுணுக்கம். ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளியை டயரின் நடுக்கோட்டுக்கு வெளியே வைத்து, 1972-இல் ஆடி 80 ஒரு புத்திசாலித்தனத்தைக் காட்டியது. ஒரு பக்கப் பிரேக் அதிகமாகப் பிடித்தாலோ, ஒரு டயர் ஈரத்தில் இருந்தாலோ, வண்டி இழுபடும் திசைக்கு எதிராகச் சக்கரம் தானே திரும்பிக்கொடுக்கும். பிறகு வந்த பல சிறிய கார்கள் இந்த வழியில் நடந்தன. நாம் வைக்கும் தட்டு அந்த இடைவெளியைத் தின்கிறது. சில மில்லிமீட்டரே வைத்திருக்கும் காரில் 15 மி.மீ. தட்டு அதைத் தலைகீழாக்கிவிடும். அப்புறம் பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். ஆகவே முன்பக்கம் குறைவாக, பின்பக்கம் கொஞ்சம் தாராளமாக என்று தேர்ந்தவர்கள் செய்வதில் அழகுக் கணக்கும் இருக்கிறது, பாதுகாப்புக் கணக்கும் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் பின்வீல்தானே அதிகமாக உள்ளே ஒதுங்கிக் கிடக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, ஸ்பேசர் என்றாலே தரமற்ற வேலை என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போர்ஷே தன் உதிரிபாகப் பட்டியலிலேயே சில மாடல்களுக்கு ஸ்பேசர் வைத்து விற்றிருக்கிறது. எச் அண்ட் ஆர், ஐபாக் போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் தட்டுகள், இந்த மாடலுக்கு இத்தனை மி.மீ. என்று சோதனைச் சான்றோடு வருகின்றன. அங்கே அதைப் பொருத்தியபின் பரிசோதகரிடம் வண்டியைக் காட்டி ஒப்புதல் வாங்குவது வழக்கம். பேரிங்குக்கு ஈ.டி. 35 வீலும் ஒன்றுதான், ஈ.டி. 45 வீலோடு பத்து மி.மீ. தட்டும் ஒன்றுதான். பிசகுவது நடுவில் இருக்கும் முகங்களிலும் திருகுமறையிலும்தான், அதாவது மாட்டுகிறவர் கையில்தான்.

போக் விஷயத்தில் மட்டும் நான் கறார். ஐரோப்பிய விதியில் வீலின் மையத்திலிருந்து முன்பக்கம் 30 பாகை, பின்பக்கம் 50 பாகை வரையிலான பகுதியில் டயர் உடம்புக்கு வெளியே தெரியக் கூடாது. அழகியலுக்காக எழுதிய விதி அல்ல அது. ஆனாலும் அதைவிடச் சுருக்கமாக ஃப்ளஷின் இலக்கணத்தை யாரும் எழுதியதில்லை. தொம்மலூர் நெரிசலில் வண்டிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் ஸ்கூட்டர்கள் நுழைகின்றன. வெளியே நீட்டிய டயர் அவர்கள் முழங்கால்மீது சேற்றையும் ஜல்லியையும் வீசுகிறது. நம் ரசனைக்கு அடுத்தவர் முழங்கால் விலை கொடுக்கக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, விதிமீறி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஸ்பேசரைப் பெயர் சொல்லி விலக்கவில்லை என்று வாதாடலாம். ஆனால் நீட்டிக்கொண்டு நிற்கும் டயர் தூரத்திலேயே போக்குவரத்துக் காவலரின் கண்ணைக் கூப்பிடும். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் வீலைக் கழற்றிப் பார்ப்பார். பொருத்துவதற்கு முன்பே காப்பீட்டாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது மலிவான முன்னெச்சரிக்கை.

என் ரசனையின் தரவரிசையைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். முதலிடம், சரியான ஆஃப்செட்டில் வீலையே தேடி வாங்கி, தட்டே தேவைப்படாமல் முடித்தவருக்கு. அவர் பல மாதம் காத்திருந்திருப்பார். இரண்டாமிடம், நல்ல வீல் கிடைத்து, ஐந்தோ எட்டோ பத்தோ மட்டும் குறைகிறது என்று அளந்து கண்டு, அதற்கென்று கடைந்த ஸ்பேசரால் நிரப்பியவருக்கு. இவரை நான் முதலாமவருக்கு மிக அருகில் வைப்பேன். ஸ்பேசர் ஒரு திருத்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்ட வீலை வாங்கிவிட்டு முப்பது மி.மீ. தட்டால் ஈடுகட்டுபவர் திருத்தத்தையே கட்டுரையாக்கப் பார்க்கிறார்.

கூட்டங்களில் வண்டியின் அழகை மெச்சும்போது நான் கேட்பது மூன்றே கேள்விகள்: நடுத்துளை எத்தனை, போல்ட் எத்தனை சுற்று ஏறியிருக்கிறது, கடைசியாக டார்க் ரெஞ்ச் வைத்தது எப்போது. பதில் யோசிக்காமல் வந்தால் அந்த வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போகலாம். பதிலுக்குப் பதில் போட்டோ காட்டினால், போட்டோவில் பார்த்து ரசித்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன்.